ஆபீஸுக்கும் மலைக்கும் ஒரே ஷூ

"அக்கா, என் ஷூ வாயைப் பொளந்துடுச்சு!"

மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை. பர்வதமலையில் கடப்பாறைப் பாதையைக் கடந்து கொஞ்ச தூரம் இறங்கியிருந்தோம். என் தம்பி ஒரு பாறைமேல் உட்கார்ந்து இடது காலைத் தூக்கிக் காட்டினான். ஷூவின் அடிப்பாகம் குதிகாலிலிருந்து பாதி நீளத்துக்குத் தனியாகத் தொங்கியது. முதலில் எல்லோரும் சிரித்தோம். என் மகள் போட்டோகூட எடுத்தாள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இது பத்து நிமிஷத்துக்கு முன்னால் நடந்திருந்தால்?

பர்வதமலைக்குப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் கலசப்பாக்கத்தை அடுத்த தென்மாதிமங்கலத்திலிருந்து ஏறுவார்கள். முதலில் படிக்கட்டு, அப்புறம் கல்லும் மண்ணுமாகக் காட்டுப் பாதை, கடைசியில் செங்குத்தான பாறை. அந்தப் பாறையில் இரும்புக் கடப்பாறைகளை அடித்து, சங்கிலி கட்டி வைத்திருக்கிறார்கள். கையால் அதைப் பிடித்துக்கொண்டு, காலைப் பாறையில் ஊன்றி ஏற வேண்டும். உச்சியில் மல்லிகார்ஜுனேஸ்வரர் கோயில். பௌர்ணமிக்கு ஏறுகிறவர்கள் ஏராளம்.

ஒரு முதியவர் வழியில் எலுமிச்சை ஜூஸும் வெள்ளரிப் பிஞ்சும் விற்றுக்கொண்டிருந்தார். தம்பியின் காலைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல், மூட்டை கட்டி வந்த சணல் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தம்பி இறங்கினான். கயிறு நன்றாகத்தான் பிடித்தது. ஆனால், பிரிந்த அட்டை ஒரு தரம் பாதத்துக்கு அடியில் மடிந்துகொள்ள, உருட்டுக் கல்லில் கால் புரண்டுவிட்டது. கணுக்காலில் லிகமென்ட் கிழிசல். ஆறு வாரம் ஓய்வு.

தம்பி மருந்து கம்பெனியில் ரெப். காலை எட்டு மணிக்கு பைக்கை எடுத்தால் ராத்திரி பத்துக்குத்தான் வீடு. இடது கால்தான் கியர் போடும் கால். ஆறு வாரம் பைக் இல்லை என்றால் டாக்டர்களைப் பார்க்க முடியாது. டாக்டர்களைப் பார்க்கவில்லை என்றால் அந்த மாத இன்சென்டிவ் இல்லை. "ஒரு ஷூவால எவ்வளவு நஷ்டம் பாருங்க அண்ணி" என்று அவன் மனைவி என்னிடம் சொன்னபோது அவள் குரலில் கோபத்தைவிட பயம்தான் இருந்தது. பள்ளிக்கூட ஃபீஸ் கட்டும் மாதம் அது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அது மட்டமான ஷூ இல்லை. அவன் மச்சினன் துபாயிலிருந்து வாங்கி வந்த ஒசத்தியான ஷூ. "நல்ல ஷூ, வீணாக்கக் கூடாது" என்று ஆறு வருஷமாக டப்பாவோடு பீரோ மேலேயே வைத்திருந்தான். மொத்தம் நான்கைந்து தரம் போட்டிருப்பான்.

எங்கள் தெருமுனையில் குடைக்குக் கீழே உட்கார்ந்து செருப்பு தைக்கும் பெரியவரிடம் அதை எடுத்துக்கொண்டு போனேன். அவர் பசையைத் தொடவே இல்லை. கட்டை விரலால் நடு அட்டையை அழுத்தினார். ரஸ்க் மாதிரி பொடிந்து கொட்டியது. "பஞ்சு செத்துப்போச்சும்மா. ஒட்டுனா பசைதான் நிக்கும், பஞ்சு நிக்காது" என்றார். ஐந்து ரூபாய்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் சொன்ன ‘பஞ்சு’தான் பாலியூரித்தேன் என்கிற நுரை. ஷூவின் வெளி ரப்பருக்கும் பாதத்துக்கும் நடுவே மெத்தை மாதிரி இருப்பது. காற்றிலுள்ள ஈரம் அந்த நுரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். ஷூவைப் போட்டாலும் அரிக்கும், போடாமல் டப்பாவில் வைத்தாலும் அரிக்கும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களின் புழுக்கம் அதற்கு ரொம்பப் பிடிக்கும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி பளபளவென்று இருக்கும், உள்ளே உளுத்துப்போயிருக்கும். நம் வீட்டில் எத்தனை ‘நல்ல ஷூ’ இப்படி பீரோ மேல் தூங்குகிறதோ! இன்றைக்கே எடுத்து நடு அட்டையைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ பொடியோ தெரிந்தால் அதைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போகாதீர்கள். ‘இ.வி.ஏ’ என்ற இன்னொரு வகை நுரை உண்டு. அது இப்படி உளுத்துப்போகாது. ஆனால், நாளாக ஆக அமுங்கி, இறுகிவிடும்.

சரி, தம்பி கதைக்கு வருகிறேன். கால் கட்டோடு சோபாவில் படுத்துக்கொண்டே கேட்டான்: "அக்கா, என்னால ரெண்டு ஷூ வாங்க முடியாது. கிளினிக்குக்கும் போட்டுக்கணும், பைக்கும் ஓட்டணும், மலைக்கும் போகணும். அப்படி ஒண்ணு இருக்கா?"

இருக்கிறது. அதற்குப் பெயர் அப்ரோச் ஷூ.

பாறை ஏறுகிறவர்களின் ஷூ

பெயர்க் காரணம் எளிமையானது. மேலைநாடுகளில் பாறை ஏறும் விளையாட்டு பிரபலம். பாறையில் ஏறுவதற்கென்று இறுக்கமான தனி ஷூ வைத்திருப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு பத்தடிகூட நிம்மதியாக நடக்க முடியாது. வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து பாறையின் அடிவாரம்வரை காட்டிலும் மேட்டிலும் நடந்து சேர வேறொரு ஷூ வேண்டும். நடக்கவும் வசதியாக இருக்க வேண்டும். நடுவில் சின்னப் பாறை குறுக்கிட்டால் அதிலும் பிடிக்க வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் இது. 1985-ல் அமெரிக்காவில் சார்லஸ் கோல் என்ற பாறையேறி ‘ஃபைவ் டென்’ கம்பெனியைத் தொடங்கினார். பாறையில் ஒட்டிக்கொள்ளும் ‘ஸ்டெல்த்’ ரப்பரை அடியில் வைத்து அவர்கள் செய்த ‘ஃபைவ் டென்னி’யைத்தான் முதல் அப்ரோச் ஷூ என்பார்கள்.

ரப்பரின் கதை அதற்கும் முந்தையது. அதில் ஒரு சோகமும் உண்டு. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் மலையேறிகள் இரும்பு ஆணி அடித்த தோல் பூட்ஸ்தான் போடுவார்கள். 1935-ல் இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் ஒரு குழு மோசமான வானிலையில் சிக்கி, ஆறு பேர் இறந்தார்கள். சரியான காலணி இருந்திருந்தால் தப்பியிருக்கலாம் என்ற எண்ணம் அந்தக் குழுவைச் சேர்ந்த விட்டாலே பிரமானியை விடவில்லை. டயர் தயாரிக்கும் பிரெல்லி குடும்பத்தின் உதவியோடு 1937-ல் மலைக்கென்று ரப்பர் அட்டை செய்தார். அவர் பெயரின் முதல் பகுதிகளைச் சேர்த்தால் வருவதுதான் ‘விப்ரம்’. இன்றைக்கும் பல ஷூக்களின் அடியில் மஞ்சள் நிற எண்கோணத்துக்குள் அந்தப் பெயரைப் பார்க்கலாம். 1954-ல் உலகின் இரண்டாவது உயரமான கே2 சிகரத்தில் முதன்முதலாகக் கால் வைத்த இத்தாலியர்களின் பூட்ஸிலும் விப்ரம் அட்டைதான்.

அப்ரோச் ஷூவை எப்படி அடையாளம் காண்பது? திருப்பி அடியைப் பாருங்கள். மலையேற்ற பூட்ஸில் டிராக்டர் டயர் மாதிரி ஆழமான கட்டைகள் இருக்கும். சேற்றுக்கும் மண்ணுக்கும் அது நல்லது. அப்ரோச் ஷூவில் ஆழம் குறைந்த வட்டப் புள்ளிகள் இருக்கும். பெருவிரலுக்கு அடியில் கொஞ்சம் இடம் புள்ளியே இல்லாமல் வழுவழுவென்று இருக்கும். வழுவழுப்பாக இருந்தால் வழுக்காதா என்றுதான் நானும் கேட்டேன். காய்ந்த பாறையில் எவ்வளவு ரப்பர் படுகிறதோ அவ்வளவு பிடிப்பு. கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி பாறையைத் தொடுவதில்லையே! ஆகவே, சின்ன விளிம்பில் நுனிக்காலை ஊன்றி ஏற அந்த வழுவழுப்பான இடம்தான் உதவும். கடப்பாறைப் பாதைக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்து, முன்பக்கம் விரல்களைச் சுற்றி மேல்வரை ரப்பர் பட்டை ஓடும். பாறையில் உரசினால் கிழியாமல் இருக்க வைத்தது. இதைத் தம்பியிடம் சொன்னதும் சோபாவிலிருந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டான். பைக் ஓட்டுகிற ஆண்களின் இடது ஷூவைப் பாருங்கள். கியர் லிவர் பட்டுப் பட்டு மேல் தோல் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கும். வருஷத்துக்கு ஒரு ஷூவை அவன் இப்படித்தான் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். பாறைக்கென்று வைத்த ரப்பர், நம் ஊர் ஸ்ப்ளெண்டருக்கும் உதவுகிறது.

மூன்றாவது, கயிறு. சாதாரண ஷூவில் பாதத்தின் நடுவோடு லேஸ் நின்றுவிடும். இதில் விரல்களுக்குப் பக்கம்வரை போகும். ஏறும்போது முன்பக்கத்தை இறுக்கிக்கொள்ளலாம். ஆபீஸில் தளர்த்தி விடலாம்.

ஓட்டப் பயிற்சி ஷூ போதாதா?

மெரினாவில் வாக்கிங் போகப் போதும். மலைக்கு எனக்குச் சம்மதமில்லை. இப்போது வரும் ரன்னிங் ஷூக்களில் தலையணை மாதிரி உயரமான, மெத்தென்ற நுரை. தார் ரோட்டில் சுகமாக இருக்கும். உருட்டுக் கல்லில் அந்த உயரமும் மென்மையும் சேர்ந்தால் கால் பக்கவாட்டில் புரள்வது சுலபம். ஒரு கூர்மையான கல்லை மிதித்தால் பாதம்வரை குத்தும்.

கடையில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். குதிகாலை ஒரு கையிலும் முன்பக்கத்தை இன்னொரு கையிலும் பிடித்து, ஈரத் துணி பிழிவது மாதிரி முறுக்குங்கள். துணி மாதிரியே முறுக்கிக்கொண்டால் வேண்டாம். கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். பிறகு மடக்கிப் பாருங்கள். நம் பாதம் மடங்குகிற இடத்தில், அதாவது விரல்கள் தொடங்கும் இடத்தில், மடங்க வேண்டும். நட்டநடுவில் மடங்கினால் கீழே வைத்துவிடுங்கள். விற்பனைப் பையன் ஒரு மாதிரியாகப் பார்ப்பான். பார்க்கட்டும்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். பர்வதமலைக்கும் வெள்ளியங்கிரிக்கும் சரக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், தலையில் மூட்டையோடு ஹவாய் செருப்பிலோ வெறுங்காலிலோ நம்மைத் தாண்டிப் போய்விடுவார்கள். "அவங்களே அப்படிப் போறாங்க, நமக்கு எதுக்கு ஷூ?" என்று கேட்காத குடும்பம் இல்லை. அவர்கள் தினமும் ஏறி உரம் பாய்ந்த கால்கள் அவை. நாம் லிஃப்ட்டில் ஏறி, ஏசியில் உட்கார்ந்து, வருஷத்துக்கு ஒரு நாள் மலைக்குப் போகிறவர்கள்.

எங்கள் வீட்டில் இந்த வாக்குவாதம் வேறு மாதிரி வந்தது. அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை. "மலையே சிவன். அதுமேல ஷூ போட்டு ஏறுறதா?" என்று கேட்டார். வெள்ளியங்கிரிக்கு அவர் இளம் வயதில் வெறுங்காலோடு ஏழு மலையும் ஏறியவர். நம்பிக்கைக்கு நான் என்ன பதில் சொல்வது? ஆனால், சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறையலாம். முள் குத்தினாலும் கல் கிழித்தாலும் தெரியாது. புண் ஆறாமல் விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போனவர்களை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்பதுதான் டாக்டர்கள் முதலில் சொல்வது. அப்பாவை அவருடைய டாக்டரிடமே அழைத்துப் போனோம். அவர் சிரித்துக்கொண்டே, "கோயில் வாசல்ல கழட்டுங்க ஐயா, அதுவரைக்கும் போட்டுக்குங்க. வாசலுக்கு உள்ளே சாக்ஸோட போங்க" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "டாக்டர் சொல்லிட்டார்" என்று மட்டும் சொன்னார். அது சம்மதம்.

அளவு எடுப்பதில்தான் எல்லாம்

எந்த கம்பெனி என்பதைவிட அளவுதான் முக்கியம் என்பேன். சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலம் என்று தெரியவந்தது. ‘பாரத்’ என்ற பெயரைச் சுருக்கி ‘பா’ என்று நமக்கென ஓர் அளவு முறையையும் பரிந்துரைத்தார்கள். நாம் இன்னும் பிரிட்டிஷ் அளவிலும் ஐரோப்பிய அளவிலும்தான் வாங்கிக்கொண்டிருக்கிறோம். அகலம் போதாமல், அதற்காக நீளத்தில் பெரிய சைஸ் வாங்கி, குதிகால் கழன்று ஆட, அப்புறம் கொப்புளம்.

அகலத்தைப் பார்க்க ஒரு வழி உண்டு. ஷூவுக்குள் இருக்கும் மெல்லிய உள்அட்டையை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரலும் பக்கவாட்டுச் சதையும் அட்டையைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை. எவ்வளவு தள்ளுபடி போட்டாலும் இல்லை.

சாயங்காலம் போய் வாங்குங்கள். பகல் முழுக்க நின்று நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையில் நான்கு மணி நேரம் நடந்தாலும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போடப்போகிற சாக்ஸையே எடுத்துப் போங்கள். பருத்தி சாக்ஸ் வேண்டாம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு கொப்புளம் போடும். செயற்கை இழை கலந்தது, அல்லது மெல்லிய கம்பளி சாக்ஸ் நல்லது. இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள். பலருக்கு ஒரு பாதம் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய பாதத்துக்குத்தான் வாங்க வேண்டும்.

போட்டதும் குதிகாலைப் பின்னால் தட்டி, லேஸை இறுக்கி, கடையின் மாடிப்படியில் இறங்குங்கள். சில கடைகளில் இதற்கென்றே சாய்வுப் பலகை இருக்கும். இறங்கும்போது பெருவிரல் முன்னால் போய் இடிக்கிறதா என்று கவனியுங்கள். கடையில் லேசாக இடித்தால், மலையில் இரண்டாயிரம் படி இறங்குவதற்குள் நகம் கறுத்துவிடும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்கட்டும். போவதற்கு இரண்டு நாள் முன்னால் நகத்தையும் வெட்டிவிடுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பல கடைகளில் பெண்கள் பிரிவில் இந்த மாதிரி ஷூ இருப்பதே இல்லை. இருந்தாலும் ரோஸ் நிறத்தில், மெல்லிய அட்டையோடு ஒன்றிரண்டுதான். கூச்சப்படாமல் ஆண்கள் பிரிவுக்குப் போய்ச் சின்ன சைஸ் கேளுங்கள். அகலமான பாதம் உள்ளவர்களுக்கு அதுதான் பொருந்தும். என்னுடையது ஆண்கள் ஷூதான். யாரும் கண்டுபிடித்ததில்லை.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருந்தால் காசு கூடுதல். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. உள்ளே சவ்வு ஒட்டியிருப்பதால் வெளித் தண்ணீர் வராது என்பது சரி. வியர்வையும் சீக்கிரம் வெளியேறாது. ஓடையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் போனால் மேல்வழியாக நிறைந்துவிடும். நிறைந்தது வெளியே வராமல் நாள் முழுக்கச் சளக் சளக் என்று நடக்க வேண்டியதுதான். வால்பாறை, குற்றாலம் பக்கம் மழைக் காலத்தில் போகிறவர்கள் அந்தக் காசுக்கு அட்டைப் பூச்சி ஏறாத சாக்ஸ் வாங்கிக்கொள்ளலாம்.

கணுக்காலை மூடும் உயரமான பூட்ஸா, தாழ்வானதா? அப்ரோச் ஷூ பெரும்பாலும் தாழ்வானது. எடை குறைவு, ஆபீஸ் பேண்ட்டுக்குக் கீழே உறுத்தாது. "உசரமா இருந்திருந்தா கால் பிசகியிருக்காதோ?" என்று தம்பியின் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டேன். "முதல்ல கணுக்காலைப் பலப்படுத்தச் சொல்லுங்க" என்றார். தினமும் பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். ஏற்கெனவே அடிபட்டவர்கள், கால் அடிக்கடி புரள்கிறவர்கள் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யட்டும்.

இந்த ஷூவிலும் குறை இல்லாமல் இல்லை. பாறையில் ஒட்டுகிற ரப்பர் மென்மையானது; தார் ரோட்டில் சீக்கிரம் தேயும். தினம் ஐந்து கிலோமீட்டர் ரோட்டில் நடக்கிறவர் இதையே போட்டால், மலைக்குப் போகும்போது அடி மொழுமொழுவென்று ஆகியிருக்கும். தம்பி மாதிரி பைக்கில் போய் கிளினிக் வாசலில் இறங்குகிறவர்களுக்குச் சரி. சேற்றில் இந்தப் புள்ளி அடி நிற்காது. பாசி படிந்த ஈரப் பாறையில் எந்த கம்பெனி ரப்பரும் நிற்காது. அருவிக்கரையில் ஷூவை நம்பிக் கால் வைக்காதீர்கள். மண்ணில் நடந்து வந்து பாறைமேல் ஏறும் முன்னால் அடியைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருக்கும் மணல் சக்கரம் மாதிரி உருட்டிவிடும்.

விலை? பாறையேறிகளுக்கென்றே செய்யும் வெளிநாட்டு கம்பெனிகளுடையது பத்தாயிரத்தைத் தாண்டும். அவ்வளவு அவசியமில்லை. டெக்கத்லான் மாதிரி விளையாட்டுப் பொருள் கடைகளில் சாதாரண ஹைக்கிங் ஷூ அதில் கால்வாசி விலைக்குள்ளேயே கிடைக்கும். பெட்டியில் ‘அப்ரோச்’ என்று எழுதியிருக்க வேண்டியதில்லை. முறுக்கினால் முரண்டு பிடிக்கும் நடு அட்டை, ஆழம் குறைந்த ரப்பர் அடி, விரலைச் சுற்றி ரப்பர் பட்டை, அகலமான முன்பக்கம். இதெல்லாம் இருந்தால் குடும்பத்தோடு போகும் மலைகளுக்குப் போதும். 2024-ல் தமிழ்நாடு வனத்துறை 40 மலைப் பாதைகளை ஆன்லைன் முன்பதிவோடு திறந்துவிட்ட பிறகு, பிள்ளைகள் அடிக்கடி கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தப் பாதைகளில் சுலபமானவற்றுக்கு இது தாராளம்.

பிள்ளைகளுக்கு விலை உயர்ந்தது வாங்கவே வாங்காதீர்கள். அடுத்த வருஷம் கால் வளர்ந்துவிடும்.

வாங்கியதும் நேராக மலைக்குப் போகாமல், இரண்டு மூன்று வாரம் கடைக்கும் ஆபீஸுக்கும் போட்டுப் பழக்குங்கள். நனைந்தால் உள்அட்டையை எடுத்துவிட்டு, பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலிலும் அடுப்புப் பக்கத்திலும் வைத்தால் பசை விட்டுவிடும். வாஷிங் மெஷினில் போடாதீர்கள். இறங்கும்போது, கணுக்காலுக்குப் பக்கத்தில் கடைசியாக இருக்கும் கூடுதல் ஓட்டையில் லேஸை அதே பக்கமாகவே விட்டு ஒரு சின்ன வளையம் செய்து, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள். குதிகால் அசையாது, விரல் முன்னால் போய் இடிக்காது. அந்த ஓட்டை எதற்கு என்று தெரியாமல் பத்து வருஷம் ஷூ போட்டவள் நான்.

சித்திரையில் தம்பி கறுப்பு நிறத்தில், மேல்பாகம் தோலில் செய்ததை வாங்கினான். பாலிஷ் போட்டால் கிளினிக்கில் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. வாங்கிய தேதியை உள்அட்டைக்குக் கீழே பேனாவால் எழுதி வைத்திருக்கிறான். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டான்.

ஆவணிப் பௌர்ணமிக்கு மறுபடி பர்வதமலை போனோம். அப்பா ஷூவோடு படிக்கட்டு முடியும் இடம்வரை வந்து, அங்கேயே உட்கார்ந்து மலையைக் கும்பிட்டுவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க" என்றார். தம்பி கடப்பாறைப் பாதையில் எனக்கு முன்னால் ஏறினான். அவன் கால் பாறையில் பதிகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நான் பின்னால் ஏறினேன்.

இறங்கும்போது அதே இடத்தில் அந்த முதியவர் இருந்தார். எங்களை அடையாளம் தெரிந்ததோ என்னவோ, தம்பியின் முகத்தைப் பார்க்கும் முன்னால் காலைத்தான் பார்த்தார்.

"கயிறு இருக்கு தம்பி, வேணுமா?"

ஆளுக்கு ரெண்டு எலுமிச்சை ஜூஸ் குடித்தோம்.